பணம் போடாத முதலாளி வேறு, கிளப்பைக் கரைக்கும் முதலாளி வேறு

கேள்வி: இங்கிலாந்துக் கால்பந்தின் இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பில் ஆடும் ஒரு கிளப்பின் ரசிகன் நான். முதலாளி நல்ல ஆட்டக்காரர்களை வாங்குவதில்லை, இருப்பவர்களையும் விற்கிறார். இந்த ஆண்டு இரண்டு முறை சம்பளம் தாமதமாகிவிட்டது. வாங்க ஆள் வந்தாலும் கிளப்பை விற்க மாட்டேன் என்கிறார். மைதானத்தில் கத்துவதைத் தவிர ரசிகனால் என்ன செய்ய முடியும்?

பதில்:

நீங்கள் சொல்லும் நான்கு புகார்களையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். ஆட்டக்காரர்களை வாங்காததும் இருப்பவர்களை விற்பதும் எரிச்சல். சம்பளம் தாமதமாவது ஆபத்து. விற்க மறுப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது மைதானம் யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை நீங்கள் சொல்லவில்லை. பெரும்பாலான ரசிகர்கள் அதைத் தேடிப் பார்ப்பதும் இல்லை.

‘பணத்தை வெளியே எடு’ என்று கத்துகிற கூட்டம் பல நேரம் தவறான வரத்தைக் கேட்கிறது. பரி கிளப்பைப் பாருங்கள். 1885-இல் தொடங்கியது, 1900-லும் 1903-லும் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. 2019 வசந்தத்தில் நான்காம் அடுக்கான லீக் டூவிலிருந்து மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னுக்கு ஏறியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 27-ஆம் தேதி லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. மேலே ஏற்றிவிட்ட அந்த அணிக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. மைதானமான கிக் லேன் ஏற்கெனவே அடமானத்தில் கிடந்தது. நீக்கப்படுவதற்கு எட்டு மாதம் முன்புதான் ஸ்டீவ் டேல் அந்தக் கிளப்பை ஒரு பவுண்டுக்கு வாங்கியிருந்தார். கிளப்பை நடத்தப் பணம் இருக்கிறது என்பதற்கு லீக் ஏற்கும்படியான சான்றை அவர் கடைசிவரை கொடுக்கவில்லை.

நியூகாசில் கதை நேர் எதிர். மைக் ஆஷ்லி 2007 முதல் 2021 வரை வைத்திருந்தார். இரண்டு முறை தரமிறக்கம். 2011-இல் மைதானமான செயின்ட் ஜேம்ஸ் பார்க்கின் பெயரையே தன் கடைச் சங்கிலியின் பெயருக்கு மாற்றினார். வெறுக்க எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் அவர் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்கவில்லை; 2021-இல் 305 மில்லியன் பவுண்டுக்கு விற்றபோது கிளப் முழுசாக இருந்தது. ரசிகர்களுக்குப் பதினான்கு வருட வயிற்றெரிச்சல், கிளப்புக்கு உயிர்ச்சேதம் இல்லை. உங்கள் முதலாளி இந்த இரண்டில் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் என்ன செய்வது என்ற பேச்சே.

தெரிந்துகொள்வது நினைப்பதைவிடச் சுலபம். பிரிட்டனில் எந்த நிறுவனத்தின் பதிவும் கம்பெனிஸ் ஹவுஸ் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஜெர்சியில் இருக்கும் பெயரைத் தேடாதீர்கள்; கிளப்பின் இணையப் பக்கத்தில் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் நிறுவனப் பதிவு எண்ணைப் போட்டுத் தேடுங்கள். ஒரே கிளப்புக்குப் பின்னால் மூன்று நான்கு நிறுவனங்கள் இருக்கும்: அணியை நடத்துவது ஒன்று, அதன் தலைமேல் உட்கார்ந்திருப்பது ஒன்று, நிலத்தை வைத்திருப்பது ஒன்று. அத்தனையையும் ஒரு தாளில் குடும்ப மரம் போல வரைந்துவிடுங்கள். 25 சதவீதத்துக்கு மேல் பங்கோ வாக்கோ வைத்திருப்பவர் பெயர் தனிப் பட்டியலாகவே இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது ஆண்டுக் கணக்கை அல்ல, அடமானப் பதிவை. நிறுவனம் தன் சொத்தை ஈடாக வைத்துக் கடன் வாங்கினால் 21 நாளுக்குள் அதைப் பதிய வேண்டும். கணக்கு ஒன்பது மாதம் தாமதமாக வரும் பழைய செய்தி. அடமானப் பதிவு சுடச்சுட வரும். கடன் கொடுத்தது பெரிய வங்கியா, பெயர் தெரியாத குறுகிய காலக் கடன் நிறுவனமா என்று பாருங்கள். பழைய கடன் அடைந்த இடத்திலேயே புதிய கடன், அதுவும் ஒவ்வொரு முறையும் சின்ன நிறுவனமாக மாறிக்கொண்டே போனால், வட்டி ஏறிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். ஈடாக என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படியுங்கள். மைதானமா, சீசன் டிக்கெட் வருவாயா, ஆட்டக்காரர்களை விற்றதில் இனிமேல் வரவேண்டிய தவணைகளா? கடைசி வகை என்றால் அடுத்த ஆண்டுச் சோற்றை இந்த ஆண்டே தின்றாகிவிட்டது.

அடுத்து நிலம். இங்கிலாந்து, வேல்ஸ் நிலப் பதிவகத்தில் சில பவுண்டு கட்டினால் மைதானத்தின் உரிமைப் பத்திரம் கிடைக்கும். பயிற்சி மைதானத்துக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் தனிப் பத்திரங்கள் இருக்கலாம், மூன்றையும் எடுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம், இந்த வேலை முழுவதிலும் உருப்படியான செலவு இதுதான்.

நிலத்தைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2018 வாக்கில் இருந்த சாம்பியன்ஷிப் விதிப்படி மூன்று ஆண்டில் சேர்த்து 39 மில்லியன் பவுண்டு வரைதான் நட்டம் காட்டலாம். அதைத் தாண்டப்போகும் முதலாளிகளுக்கு ஒரு வழி தென்பட்டது: மைதானத்தைக் கிளப்பிடமிருந்து தன்னுடைய இன்னொரு நிறுவனத்துக்கு வாங்கிக்கொள்வது. ஏட்டில் கிளப்புக்கு லாபம், விதி மீறல் இல்லை, மைதானமும் நகரவில்லை. டார்பி கவுண்டி 2018-இல் பிரைட் பார்க்கை 81.1 மில்லியன் பவுண்டுக்கு முதலாளி மெல் மோரிஸின் நிறுவனத்துக்கு விற்றது. 2021 செப்டம்பரில் கிளப் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனது, அதாவது கடன்காரர்களுக்காக நீதிமன்ற முறையில் அமர்த்தப்படும் நிர்வாகியின் கைக்கு. லீக் அட்டவணையில் அதற்கு 12 புள்ளி, கணக்கு விதி மீறலுக்கு 9 புள்ளி, மொத்தம் 21 பறிபோய்த் தரமிறங்கியது. அந்த நேரம் கிளப்பை வாங்க வந்தவர்கள் எல்லோரும் இடித்துக்கொண்ட சுவர் மைதானம்தான். கிளப் ஒருவரிடம், அது ஆட வேண்டிய புல்தரை இன்னொரு பெட்டியில். ஷெஃபீல்ட் வென்ஸ்டேயும் ஹில்ஸ்பரோவை ஏறத்தாழ 60 மில்லியனுக்கு முதலாளி டெஜ்போன் சான்சிரியின் நிறுவனத்துக்கு விற்றது. அந்த விற்பனையை எந்த ஆண்டுக் கணக்கில் எழுதினார்கள் என்ற தகராறில் 12 புள்ளி வெட்டப்பட்டு, மேல்முறையீட்டில் 6 ஆனது. 2025-இல் சம்பளம் திரும்பத் திரும்பத் தாமதமாகி, அக்டோபரில் அட்மினிஸ்ட்ரேஷன். அங்கே மைதான நிறுவனமும் சேர்ந்தே நிர்வாகியிடம் போனது. வாங்க வருபவருக்கு இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும்படி அமைந்தது அதிர்ஷ்டம். எல்லாக் கிளப்புக்கும் அப்படி வாய்க்காது.

இப்போது கணக்குக்கு வருவோம். பெரும்பாலான கிளப்புகளுக்கு ஆண்டு ஜூன் 30-இல் முடியும். தனியார் நிறுவனமாக இருந்தால் ஒன்பது மாத அவகாசம், ஆகவே மார்ச் 31. தேதி தவறினால் ஒரு மஞ்சள் அட்டை. கணக்காண்டின் முடிவுத் தேதியையே மாற்றி அவகாசம் வாங்கினால் இரண்டாவது. சின்னக் கிளப்புகள் லாப நட்டக் கணக்கை மறைத்து இருப்புநிலைக் குறிப்பை மட்டும் தாக்கல் செய்யும். சட்டம் அதை அனுமதிக்கிறது. பரவாயில்லை. இரண்டு ஆண்டுக் குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிகரச் சொத்து (சொத்தில் கடனைக் கழித்த மிச்சம்) எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். நடுவில் புதுப் பங்கு விற்றுப் பணம் வந்திருந்தால் அதையும் அந்தக் குறைவோடு கூட்டுங்கள். கிடைப்பது ஏறக்குறைய அந்த ஆண்டின் நட்டம்.

முழுக் கணக்கு கிடைத்தால் முதல் பக்கங்களில் தலைவர் எழுதும் வசனங்களைத் தாண்டிப் போய்விடலாம். தணிக்கையாளர் அறிக்கையில் கிளப் தொடர்ந்து இயங்குமா என்பதில் ‘குறிப்பிடத்தக்க ஐயம்’ என்ற பொருளில் வரி இருக்கிறதா? மொத்தச் சம்பளம் வருவாயில் எத்தனை சதவீதம்? சாம்பியன்ஷிப்பில் நூறைத் தாண்டுவது சர்வ சாதாரணம். தாண்டும் பகுதியை யாரோ ஒருவர் தன் சட்டைப் பையிலிருந்து போடுகிறார், அவர் ஒரு மாதம் நிறுத்தினால் சம்பளம் நிற்கும். உங்கள் கிளப்பில் இரண்டு முறை நடந்தது அநேகமாக இதுதான். முதலாளியின் பணம் பங்காக வந்ததா, கடனாக வந்ததா என்பதும் முக்கியம். பங்கு என்றால் போட்டது போட்டதுதான். கடன் என்றால் நாளைக்கு விற்கும்போது விலையோடு அதையும் கேட்பார். ‘விற்க மாட்டேன்’ என்பதன் உள்ளர்த்தம் பல நேரம் ‘நான் போட்ட கடனையும் சேர்த்துக் கொடுக்க யாரும் வரவில்லை’ என்பதே.

ஆட்டக்காரர்களை விற்பது பற்றி ஒரு வார்த்தை. 10 மில்லியனுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஒருவரை வாங்கினால் கணக்கில் ஆண்டுக்கு 2 மில்லியன் செலவாக எழுதுவார்கள். அகாடமியில் வளர்ந்த பையனை 10 மில்லியனுக்கு விற்றால் அன்றைக்கே முழு 10 மில்லியனும் லாபம். மண்ணின் மைந்தன்தான் முதலில் விற்கப்படுகிறான் என்று ரசிகர்கள் குமுறுவதற்கு இந்த ஏட்டுக்கணக்குதான் காரணம். முதலாளி திருடர் என்பதற்கு இது ஆதாரம் ஆகாது. சம்பளம் கொடுக்கத்தான் விற்கிறார் என்றால் விற்காமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

கடைசியாக வரி. வருமான வரித் துறை கிளப்பைக் கலைக்கக் கோரி மனுப் போட்டால் விசாரணைக்கு முன்பே அரசிதழில் விளம்பரம் வரும். கிளப்பின் நிறுவனப் பெயரை அங்கே அவ்வப்போது தேடுங்கள். ஊழியர் சம்பளத்திலிருந்து பிடித்த வரியைக் கட்டாமல் அந்தப் பணத்தில் நாளை ஓட்டுவது நொடிக்கும் கிளப்புகளின் வழக்கமான முதல் அடி. அட்மினிஸ்ட்ரேஷன் வந்துவிட்டால் கால்பந்து விதிப்படி ஆட்டக்காரர்களுக்கும் மற்றக் கிளப்புகளுக்கும் முழுப் பாக்கியும் கொடுத்தாக வேண்டும். உள்ளூர் அச்சகமும் சாப்பாட்டுக் கடையும் வரிசையில் கடைசி. 2010-இல் போர்ட்ஸ்மவுத்தின் கடன்காரர் பட்டியலில் முதலுதவித் தொண்டு அமைப்பான செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ்கூட இருந்தது. நிர்வாகியிடமிருந்து வெளியே வரும்போது சாதாரணக் கடன்காரர்களுக்குப் பவுண்டுக்கு 25 பென்ஸாவது, அல்லது மூன்றாண்டில் 35 பென்ஸ், கொடுக்கத் திட்டம் இல்லையென்றால் லீக் இன்னும் 15 புள்ளி வெட்டும். ‘அட்மினிஸ்ட்ரேஷன் போனால் சுத்தமாகிவிடும்’ என்று ரசிகர்கள் லேசாகச் சொல்வதைக் கேட்டால் இந்த எண்களைச் சொல்லுங்கள்.

இவ்வளவும் கையில் இருந்தால்தான் போராட்டத்துக்குப் பல் முளைக்கும். 1995-இல் பிரைட்டன் நிர்வாகம் கோல்ட்ஸ்டோன் மைதானத்தை விற்றபோது, கிளப் கலைந்தால் பங்குதாரர்கள் லாபம் எடுக்கக் கூடாது என்றிருந்த விதியை நிறுவனத்தின் சாசனத்திலிருந்து சத்தமில்லாமல் எடுத்திருந்தார்கள். அதைக் கண்டுபிடித்தது பதிவேட்டைப் புரட்டிய ரசிகர்கள். அதற்கு முன் அது ஒரு வழக்கமான முணுமுணுப்பு. அதன் பிறகு ஊரே திரண்ட சண்டை. மைதானத்தைக் காப்பாற்ற முடியவில்லை, கிளப் இரண்டு பருவம் கில்லிங்ஹாமில் போய் ஆட வேண்டியிருந்தது. கிளப் பிழைத்தது.

புறக்கணிப்புக்கும் கணக்கு உண்டு. பருவத்தின் நடுவில் ஒரு ஆட்டத்துக்குப் போகாமல் இருந்தால் படம் நன்றாக வரும், பணம் நகராது. சீசன் டிக்கெட் பணத்தை அவர் எப்போதோ வாங்கிவிட்டார். வலிக்கிற இடம் வசந்தத்தில் வரும் புதுப்பிப்புக் காலம். பல கிளப்புகள் கோடைச் சம்பளத்தை அந்தப் பணத்தில்தான் கொடுக்கின்றன. அதே காரணத்தால் இது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி: முதலாளிக்கு வேறு பணம் இல்லையென்றால் உங்கள் புறக்கணிப்பே கிளப்பை நிர்வாகியிடம் தள்ளலாம். தள்ளிவிடலாம் என்று முடிவெடுத்தால் தெரிந்தே எடுங்கள். அந்த அளவுக்குப் போக மனமில்லாதவர்கள் டிக்கெட்டை வைத்துக்கொண்டு உள்ளே பீர், ஜெர்சி, நிகழ்ச்சிப் புத்தகம் எதையும் வாங்காமல் இருக்கலாம்.

இதைக் கடைசிவரை செய்து காட்டியது பிளாக்பூல். பிரீமியர் லீக்கில் ஒரே பருவம் ஆடிய கிளப், அந்த வருவாயிலிருந்து பல மில்லியன் பவுண்டு முதலாளியான ஓய்ஸ்டன் குடும்பத்தின் நிறுவனங்களுக்குப் போனது. ‘இனி ஒரு பென்னிகூட இல்லை’ என்று ரசிகர்கள் ஆண்டுக் கணக்கில் வாசலிலேயே நின்றார்கள். ஆனால் ஓய்ஸ்டனை இறக்கியது காலி நாற்காலி மட்டும் அல்ல. சிறுபான்மைப் பங்குதாரர் வலேரி பெலோகோன் போட்ட வழக்கில், 2017 நவம்பரில், கிளப் முறையற்ற வகையில் உரிக்கப்பட்டது என்று உயர் நீதிமன்றம் சொல்லி 31.27 மில்லியன் பவுண்டு கொடுக்கச் சொன்னது. அதைக் கட்ட முடியாமல் 2019 பிப்ரவரியில் கிளப் நீதிமன்றம் அமர்த்திய பொறுப்பாளரிடம் போனது. மார்ச்சில் முதல் ஆட்டத்துக்கு 15,000-க்கும் மேற்பட்டவர்கள் திரும்பி வந்தார்கள். காலி நாற்காலிகள் அந்த முதலாளியின் பணப்பையை வறட்டின, வழக்கு கழுத்தைப் பிடித்தது. உங்கள் கிளப்பில் மனக்கசப்போடு ஒதுங்கியிருக்கும் சிறுபான்மைப் பங்குதாரர் யாராவது இருக்கிறாரா என்று பங்குப் பட்டியலில் பாருங்கள்.

மேல்தட்டுக் கிளப்புகளுக்கு இந்த வைத்தியம் ஒத்துவராது. அங்கே ஆட்டநாள் வருவாய் சிறு பங்கு, தொலைக்காட்சியும் விளம்பரமும்தான் பெருசு. 2005-இல் கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் யுனைடெட்டை ஏறத்தாழ 790 மில்லியன் பவுண்டுக்கு வாங்கி, அதற்கு வாங்கிய கடனில் பெரும்பகுதியைக் கடனே இல்லாதிருந்த கிளப்பின் தலையில் வைத்தது. எதிர்ப்பைக் காட்ட ரசிகர்கள் கழுத்தில் போட்ட பச்சை, பொன்னிறத் துண்டுகள் ஆயிரக்கணக்கில் விற்றன, ஒன்றும் அசையவில்லை. 2021-இல் ரசிகர்கள் விளம்பரதாரர்களைக் குறிவைத்தபோது, பயிற்சி உடைக்கு ஒப்பந்தம் பேசியிருந்த தி ஹட் குரூப் பின்வாங்கியது. முதலாளிக்கு அங்கேதான் வலித்தது.

சட்ட எல்லையை மறக்காதீர்கள். 1991 கால்பந்துக் குற்றச் சட்டப்படி அனுமதியின்றிப் புல்தரையில் இறங்குவது குற்றம். அதை நோக்கி எதையாவது எறிவதும் குற்றம், டென்னிஸ் பந்து உட்பட. தண்டனையோடு பல ஆண்டு மைதானத் தடையும் வரலாம். 2024 ஜனவரியில் ரெடிங் ரசிகர்கள் களத்தில் இறங்கியதில் போர்ட் வேலுடனான ஆட்டமே கைவிடப்பட்டது. நாடே பார்த்தது, உண்மைதான். ஆனால் முதலாளி டாய் யோங்கே கிளப்பை விற்றது 2025 மே மாதம், லீக்கின் உரிமையாளர் தகுதிச் சோதனையில் அவர் தகுதியிழந்த பிறகு. அவதூறு வழக்கும் இன்னொரு பொறி. ‘திருடன்’ என்று பேனர் எழுதாதீர்கள். ‘இந்தத் தேதியில், இந்த நிறுவனத்திடம், மைதானத்தை அடமானம் வைத்திருக்கிறார்’ என்று எழுதுங்கள். படிக்கிறவன் கோபம் அதில்தான் அதிகமாகும்.

ரசிகர் அறக்கட்டளை உங்கள் கிளப்பில் ஏற்கெனவே இருந்தால் சேருங்கள். இல்லையென்றால் சமூக நலச் சங்கமாகப் பதியலாம். மூன்று பேர் போதும், மாதிரி விதிகளைக் கால்பந்து ஆதரவாளர் சங்கம் தருகிறது. பங்கு எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. இப்போதே தொடங்க வேண்டும். கிளப் விழுந்த பிறகு வங்கிக் கணக்கு திறக்க ஓடினால் காலம் கடந்திருக்கும். போர்ட்ஸ்மவுத் ரசிகர்கள் ஆளுக்கு 1,000 பவுண்டு பங்கு என்று திரட்டி 2013 ஏப்ரலில் கிளப்பை வாங்கினார்கள். கடைசி நொடிவரை இழுத்தடித்தது அங்கேயும் மைதானமான ஃப்ராட்டன் பார்க் மேல் இருந்த அடமானம்தான்.

அறக்கட்டளையின் முதல் வேலை மைதானத்தைச் சமூக மதிப்புள்ள சொத்தாகப் பதியச் சொல்லி உள்ளூராட்சி மன்றத்திடம் விண்ணப்பிப்பது. பதிவு ஐந்து ஆண்டு நிற்கும். முதலாளி நிலத்தை விற்கப் போனால் அறிவிக்க வேண்டும். ஆறு வாரத்துக்குள் நீங்கள் ஆர்வம் தெரிவித்தால் ஆறு மாதம் நிறுத்திவைக்கலாம். ஆனால் உங்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதோடு, நிலத்தை விற்காமல் நிலத்தை வைத்திருக்கும் நிறுவனத்தின் பங்குகளைக் கைமாற்றினால் இந்தப் பூட்டு வேலையே செய்யாது. பலர் இதைப் பதிந்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள், தூங்க வேண்டாம்.

அந்த ஓட்டையை ஓரளவு அடைப்பது 2025 ஜூலையில் வந்த கால்பந்து ஆளுகைச் சட்டம். மேல் ஐந்து அடுக்குகளில் உள்ள 116 கிளப்புகளும் கிளப்புகளைக் கண்காணிக்கும் சுயேச்சை ஒழுங்காணையரிடம் உரிமம் வாங்கியாக வேண்டும். மைதானத்தை விற்கவும் ஈடு வைக்கவும் இடம் மாறவும் அவர் அனுமதி வேண்டும். இப்போதிருக்கும் முதலாளியையே சந்தேகம் வந்தால் சோதிக்கலாம். சின்னம், ஜெர்சி நிறம் விஷயத்தில் ரசிகர்களைக் கேட்காமல் கைவைக்க முடியாது. ‘எங்கள் முதலாளி மோசம்’ என்று அவருக்கு ஆயிரம் மின்னஞ்சல் அனுப்புவதைவிட நீங்கள் வரைந்த குடும்ப மரம், நிலப் பத்திரம், அடமானப் பதிவுகள், சம்பளம் தாமதமான தேதிகள் எல்லாம் சேர்ந்த நாலு பக்க அறிக்கை ஒன்று, அறக்கட்டளையின் பெயரில் போனால், அதைத் தூக்கிப் போடுவது கடினம். அதன் நகலை உங்கள் தொகுதி எம்.பி.க்கும் லீக்குக்கும் அனுப்புங்கள்.

ஒருவேளை வாங்க ஆள் வந்தால்? உடனே மாலை போடாதீர்கள். விகன் கிளப் 2020-இல் புது முதலாளி கைக்கு மாறிய சில வாரங்களிலேயே, ஜூலை 1-ஆம் தேதி, அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனது. 12 புள்ளி போய்த் தரமிறங்கியது. வருபவரிடம் கேட்க வேண்டியவை: வாங்கும் பணம் யாருடையது, கடன் என்றால் ஈடு எது, அடுத்த 24 மாத நட்டத்தை எதிலிருந்து கட்டுவீர்கள், மைதானமும் பயிற்சி மைதானமும் எந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கும். நாலாவது கேள்விக்கு ‘அது தனி ஏற்பாடு’ என்று பதில் வந்தால், அந்தத் தனி ஏற்பாட்டின் நிறுவனப் பதிவு எண்ணை அங்கேயே, எழுத்தில், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.